வாஞ்சிநாதன்

வாஞ்சிநாதன் (1886 - ஜூன் 17, 1911) இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஆயுத வழியைத் தேர்ந்த தமிழகப் புரட்சியாளர்களுள் ஒருவர். வாஞ்சி, வாஞ்சி ஐயர் என்றும் அழைக்கப்படுகிறார். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த ராபர்ட் வில்லியம் ஆஷ் என்பவரை மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. அவர் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் வகைக் கைத்துப்பாக்கி ஆகும். ஆடைக்குள் மறைத்து வைக்கக்கூடிய இவ்வகைச் சிறு ஆயுதங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பல பகுதிகளில் அரசியல் கொலைகளுக்குப் பயன்பட்டன. வாஞ்சியின் வரலாற்றை அந்தப் பின்னணியோடு சேர்த்தே புரிந்துகொள்ள இயலும்.

பிறப்பும் இளமையும்

வாஞ்சிநாதன் செங்கோட்டையில் ரகுபதி ஐயர், ருக்மணி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். இவரது இயற்பெயர் சங்கரன். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது தமிழகத்துடன் இணைந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது.

செங்கோட்டையில் பள்ளிக் கல்வியை முடித்த வாஞ்சி, திருவனந்தபுரத்தில் கல்லூரிக் கல்வி பயின்றார். படிக்கும் காலத்திலேயே பொன்னம்மாள் என்பவரை மணந்தார். பின்னர் திருவிதாங்கூர் அரசின் வனத்துறையில் பணியில் சேர்ந்து புனலூரில் வேலை பார்த்தார். நிலையான அரசுப் பணி, குடும்பம் ஆகியவற்றைக் கொண்ட எளிய நடுத்தர வாழ்க்கையே அவருடையது. அவரைப் பெருந்தலைவராக யாரும் அறிந்திருக்கவில்லை.

அரசியல் பின்னணி

1905ஆம் ஆண்டு வங்காளம் பிரிக்கப்பட்டதைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். இது அந்த வழியில் ஆதிக்கம் செலுத்திய பிரித்தானிய நிறுவனத்துக்குப் போட்டியாக அமைந்தது. 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் அவர் முன்னின்று நடத்தினார்.

1908 மார்ச் மாதத்தில் வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதும் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. மார்ச் 13 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலையில் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் இது குறைக்கப்பட்டது. சுதேசி நாவாய்ச் சங்கம் நலிந்து மறைந்தது. இக்காலத்தில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து இயக்கத்தை ஒடுக்க முன்னின்றவர் ஆஷ் என்று சுதேசியத்தினர் கருதினர். அயர்லாந்தில் 1872இல் பிறந்த ஆஷ், 1910இல் திருநெல்வேலியின் ஆட்சியர் பொறுப்பை ஏற்றார்.

பாரத மாதா சங்கம்

தலைவர்கள் சிறை சென்ற பின்னர் வெளிப்படையான அரசியலுக்கு இடமில்லாமல் போனது. இந்த வெற்றிடத்தில் இரகசிய அமைப்புகள் தோன்றின. சீர்காழிக்கு அருகிலுள்ள எருக்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிரம்மச்சாரி, தென்மாவட்டங்களில் சுற்றுப்பயணம் செய்து பாரத மாதா சங்கம் என்ற அமைப்புக்கு இளைஞர்களைத் திரட்டினார். தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி, ஒட்டப்பிடாரம், புனலூர் ஆகிய ஊர்களில் இதற்கு உறுப்பினர்கள் இருந்தனர். காளி படத்தின் முன் உறுதிமொழி எடுத்துக்கொள்வது சங்கத்தின் வழக்கம் என்று பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்கப்பட்டது. வாஞ்சி 1910இல் இவ்வமைப்பில் இணைந்தார்.

புதுச்சேரியில் பயிற்சி

புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் பிரித்தானிய இந்தியாவின் சட்டங்கள் அங்கு செல்லாதவையாக இருந்தன. 1908 முதல் சுப்பிரமணிய பாரதியும் 1910 ஏப்ரல் முதல் அரவிந்தரும் அங்கு வாழ்ந்துவந்தனர். 1910 அக்டோபரில் வரகனேரி வெங்கடேச சுப்பிரமணிய ஐயர் (வ. வே. சு. ஐயர்) அங்கு வந்து சேர்ந்தார். லண்டனில் சட்டம் படித்த ஐயர், அங்கிருந்த இந்தியா ஹவுஸ் இல்லத்தில் வி. தா. சாவர்க்கருடன் பழகியவர். கைத்துப்பாக்கி சுடுவதில் தேர்ச்சி பெற்றவர்.

1911 ஜனவரியில் வாஞ்சி பணியிலிருந்து மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குச் சென்றார். அங்கு வ. வே. சு. ஐயரிடம் கைத்துப்பாக்கி சுடப் பழகினார் என 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை கூறுகிறது.

கைத்துப்பாக்கி

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பிரித்தானிய இந்தியாவில் இந்தியர் ஒருவர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாகும். ஐரோப்பியருக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆகவே புரட்சியாளர்கள் ஆயுதங்களை வெளிநாடுகளிலிருந்து கடத்தி வரவேண்டியிருந்தது. கடத்துவதற்கும், பின்னர் உடலில் மறைத்துக்கொண்டு செல்வதற்கும் அளவில் சிறியதும் எடை குறைந்ததுமான ஆயுதமே ஏற்றதாக இருந்தது.

இத்தேவைக்குப் பொருந்திய ஆயுதங்களை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங் (1855 - 1926) என்ற அமெரிக்கர் ஆவார். அவற்றை பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள ஹெர்ஸ்டலில் இயங்கிய எஃப். என். நிறுவனம் தயாரித்தது. அதற்கு முன் பரவலாக இருந்த சுழல் துப்பாக்கியில் தோட்டாக்கள் ஒரு தடித்த உருளையில் இருக்கும். அந்த உருளை ஆடைக்கு மேலே புடைத்துத் தெரியும். அக்காலப் பிரித்தானியப் படையினரின் வெப்லி சுழல் துப்பாக்கி ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை கொண்டது. பிரௌனிங் வடிவமைப்பில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒரு முறை சுட்டதும், வெடிப்பின் விசையே வெற்றுக் கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுகிறது. எனவே துப்பாக்கி தட்டையாகவும் சிறியதாகவும் அமைகிறது.

அக்காலத்தில் வெளிவந்த பிரௌனிங் கைத்துப்பாக்கிகளுள் முக்கியமானவை பின்வருமாறு:

• 1900ஆம் ஆண்டு வகை: 7.65 மி.மீ. தோட்டா, ஏழு தோட்டாக்கள் கொள்ளும், எடை ஏறத்தாழ 625 கிராம்.
• 1906ஆம் ஆண்டு வகை: 6.35 மி.மீ. தோட்டா, ஆறு தோட்டாக்கள் கொள்ளும், நீளம் ஏறத்தாழ 114 மி.மீ.; எடை ஏறத்தாழ 350 கிராம். சட்டைப் பையில் வைப்பதற்கென்றே செய்யப்பட்டது.
• 1910ஆம் ஆண்டு வகை: 7.65 மி.மீ. அல்லது குட்டையான 9 மி.மீ. தோட்டா, ஆடையில் சிக்காதவாறு வழவழப்பான வெளிப்புறம் கொண்டது.

ஒரு கருவியைச் சிறிதாக்கும்போது சில பண்புகளை இழக்க நேரிடும். குழல் குட்டையாகவும் குறிபார்க்கும் அமைப்பு சிறியதாகவும் இருப்பதால் தொலைவில் உள்ள இலக்கைச் சரியாகச் சுட இயலாது. தோட்டாவின் விசையும் குறைவு. எனவே இதனைப் பயன்படுத்துவோர் இலக்குக்கு மிக அருகில் செல்லவேண்டும். அவ்வாறு சென்றவர் தப்பிச் செல்வது அரிது. பிரௌனிங் கைத்துப்பாக்கியால் நடத்தப்பட்ட அரசியல் கொலைகளில் இதனைக் காணலாம். 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகோவைச் சுட்ட யூஜென் ஷௌமன் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். 1909இல் ஹார்பின் தொடர்வண்டி நிலையத்தில் ஜப்பானியத் தலைவர் இட்டோ ஹிரோபூமியைச் சுட்ட கொரியர் ஆன் சுங்-குன் அங்கேயே பிடிபட்டு, மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டார். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட கவ்ரீலோ பிரின்சிப்பும் அங்கேயே பிடிபட்டார்.

இந்தியாவில் இதற்கு முன்னோடியாக அமைந்தது நாசிக் நிகழ்வு. சாவர்க்கர் 1909இல் இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகளை ஒரு பெட்டியின் போலி அடித்தட்டில் மறைத்து லண்டனிலிருந்து அனுப்பினார் என்பது அவர்மீதான வழக்கில் கூறப்பட்ட குற்றச்சாட்டாகும். அவற்றுள் ஒன்றைக் கொண்டே 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே ஒரு நாடக அரங்கில் சுட்டுக் கொன்றார். அவர் 1910 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

மணியாச்சி நிகழ்வு

1911 ஜூன் 17 அன்று காலை ஆஷ் தம் மனைவி மேரி லில்லியனுடன் திருநெல்வேலியில் தொடர்வண்டி ஏறினார். கொடைக்கானலில் இருந்த தம் நான்கு பிள்ளைகளைக் காண்பதே பயணத்தின் நோக்கம். திருநெல்வேலிக் கிளைப்பாதை மதுரை - தூத்துக்குடிப் பாதையுடன் சேருமிடம் மணியாச்சி ஆகும். தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுடன் இணைவதற்காக அவர்கள் சென்ற வண்டி அங்கு காத்து நின்றது.

முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். மாவட்டத்தின் மிக உயர்ந்த அதிகாரி, காவலர் சூழாமல், வழிப்போக்கர் எவரும் அணுகக்கூடிய நிலையில் இருந்தார். கையில் நீண்ட துப்பாக்கி ஏந்திய ஒருவர் மேடையில் நடந்து வந்திருந்தால் உடனே தடுக்கப்பட்டிருப்பார். பயணியரைப் போல வந்த வாஞ்சியை யாரும் ஐயுறவில்லை. காலை பத்தரை மணியைக் கடந்த சில மணித்துளிகளில் அவர் பெட்டியை அடைந்து, மிக அருகிலிருந்து ஆஷைச் சுட்டார். பின்னர் மேடையில் ஓடி, அங்கிருந்த கழிவறைக்குள் புகுந்துகொண்டார். துரத்திச் சென்றவர்கள் பின்னர் கண்டது அவரது உடலையே. அவர் வாய்க்குள் சுட்டுக்கொண்டு இறந்திருந்தார். அவருடன் வந்திருந்த மற்றோர் இளைஞர் தப்பிச் சென்றார்.

காயமுற்ற ஆஷை ஏற்றிக்கொண்டு வண்டி திருநெல்வேலிக்குத் திரும்பியது. வழியில் கங்கைகொண்டானில் அவர் உயிர் பிரிந்தது. அவரது உடல் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டது.

கடிதம்

வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் காணப்பட்டது. ஆங்கிலேயர் நாட்டைக் கைப்பற்றிச் சனாதன தருமத்தை அழித்து வருகின்றனர் என்றும், முடிசூட இருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவில் கால் வைத்ததும் அவரைக் கொல்ல மூவாயிரம் சென்னை மாகாணத்தினர் உறுதி பூண்டுள்ளனர் என்றும், அதனை அறிவிக்கவே கடையவனாகிய தாம் இச்செயலைச் செய்ததாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது. லண்டனில் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா ஜூன் 22 அன்று, அதாவது ஐந்து நாட்களுக்குப் பின், நடைபெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் மன்னர் தில்லிக்கு வந்து திரும்பினார். கடிதத்தில் கூறப்பட்டது போன்ற முயற்சி எதுவும் நடைபெறவில்லை.

வழக்கு

காவல்துறையினர் தென்மாவட்டங்களில் பல வீடுகளைச் சோதனையிட்டனர். சிலர் அப்ரூவர்களாக மாறினர். விசாரணைக்கு அஞ்சி தர்மராஜ ஐயர், வெங்கடேசுவர ஐயர் ஆகிய இருவர் தற்கொலை செய்துகொண்டனர். ஒட்டப்பிடாரம் மாடசாமி பிள்ளை தலைமறைவானார். அவர் பிடிபடவே இல்லை.

நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட பதினால்வர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. தலைமை நீதிபதி ஆர்னால்ட் வைட், நீதிபதிகள் ஐலிங், சேத்தூர் சங்கரன் நாயர் ஆகியோர் விசாரித்தனர். எதிரிகளுக்காக வாதாடியவர்களுள் பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான த. பிரகாசமும் ஒருவர். 1912 பிப்ரவரியில் வெளியான தீர்ப்பில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். நீலகண்டருக்கு ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். வ. வே. சு. ஐயர் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் அவர்மீது நடவடிக்கை எடுக்க இயலவில்லை. நீலகண்டர் பிற்காலத்தில் துறவு பூண்டு, கர்நாடகத்தின் நந்தி மலையில் வாழ்ந்து 1978இல் மறைந்தார்.

மதிப்பீடுகள்

வாஞ்சியின் செயல் குறித்துக் கருத்து வேறுபாடுகள் நிலவுகின்றன. வ. உ. சி.க்கும் சுதேசி இயக்கத்துக்கும் இழைக்கப்பட்ட கொடுமைகளுக்குப் பழிவாங்கிய தியாகி என்று ஒரு சாரார் போற்றுகின்றனர். கடிதத்தில் உள்ள சனாதன தருமம் பற்றிய குறிப்பைச் சுட்டி, சாதி, சமயப் பற்றே அவரைத் தூண்டியது என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கருவுற்ற பெண் ஒருவரை ஆஷ் அக்கிரகாரத்தின் வழியே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதால்தான் கொல்லப்பட்டார் என்ற கதையும் வழங்குகிறது. இதற்கு அக்கால ஆவணங்களில் சான்று இல்லை என்று வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி குறிப்பிடுகிறார். அதே வேளையில், கடிதத்தின் சமயச் சார்பான மொழி அதில் உள்ளவாறே இருப்பதும் மறுக்க முடியாதது. கடிதத்தில் வ. உ. சி.யின் பெயர் இடம்பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இச்செயலால் ஏற்பட்ட விளைவுகளையும் கருதவேண்டும். ஒரு மாவட்டத்தின் தலைவரை எளிய பணியாளர் ஒருவர் நெருங்கிக் கொல்ல முடியும் என்பது ஆட்சியாளருக்கு அதிர்ச்சியளித்தது. ஆனால், சட்டைப் பையில் அடங்கும் ஆயுதம் ஒரு மனிதரை இன்னொருவரின் அருகே கொண்டுசேர்த்ததே அன்றி, அவர் பின்னால் ஒரு மக்கள் இயக்கத்தைக் கொண்டுவரவில்லை. பாரத மாதா சங்கம் சிதைந்தது. புதுச்சேரியில் இருந்தவர்கள் மீதான கண்காணிப்பு கடுமையானது. தமிழகத்தில் புரட்சியாளர்களால் கொல்லப்பட்ட வேறொரு மாவட்ட ஆட்சியர் இல்லை.

நினைவிடங்கள்

மணியாச்சி தொடர்வண்டி நிலையம் தற்போது வாஞ்சி மணியாச்சி என அழைக்கப்படுகிறது. செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்குச் சிலையும், தமிழக அரசு 2013இல் திறந்த மணிமண்டபமும் உள்ளன. தூத்துக்குடியில் ஆஷ் நினைவாகக் கட்டப்பட்ட மண்டபமும், பாளையங்கோட்டையில் அவரது கல்லறையும் இன்றும் காணப்படுகின்றன.