பாதி வழி கண்ட அறிஞர் - தியடோர் பில்ஹார்ஸ்

லுணுகலையிலிருந்து பிபிலையை நோக்கி இறங்கும் வீதியிற் செல்வோர், தேயிலை மலைகள் பின்னே மறைய, வயல்கள் விரிந்து கிடப்பதைக் காண்பர். அவ்வயல் நீரில் ஊரும் நத்தைகளை நம்மில் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நைல் நதி பாயும் எகிப்து நாட்டிலே, வாய்க்கால் நத்தைகள் சில, கொடிய பிணியொன்றுக்கு வாயிலாக நெடுங்காலம் இருந்தன. அப்பிணியை விளைக்கும் புழுவை முதன்முதற் கண்டறிந்தவர் தியடோர் பில்ஹார்ஸ் என்னும் ஜேர்மானிய வைத்தியர். முப்பத்தேழு வயதிலேயே மறைந்த அவருடைய வாழ்வு, கற்போர் அனைவரும் எண்ணிப் பார்த்தற்குரியது.

பில்ஹார்ஸ் 1825 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23 ஆம் நாள், தானியூப் நதிக்கரையிலுள்ள சிக்மாரிங்கன் என்னும் ஊரிற் பிறந்தார். பிறைபேர்க், தூபிங்கன் ஆகிய சர்வகலாசாலைகளிற் பயின்றார். வைத்தியம் கற்றபோதும் அவர் உள்ளம் சிற்றுயிர்களின் உடலமைப்பிலேயே பெரிதும் ஈடுபட்டது. விலங்கியற் பேரறிஞர் சீபோல்ட் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1850 இல், மற்றோர் ஆசிரியரான கிரீசிங்கர் எகிப்தின் மருத்துவக் கல்விக்குத் தலைமை தாங்கச் சென்றபொழுது, இளைஞரான பில்ஹார்ஸும் உதவியாளராக உடன் சென்றார்.

கெய்ரோ நகரின் கஸ்ர் எல் ஐனி வைத்தியசாலையில் இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய்வது அவர் பணியாயிற்று. அந்நாட்டில் சிறுநீரோடு குருதி போவது மிகப் பரவலான நோயாக இருந்தது. 1851 இல், குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் குருதிக் குழாயினுள் வெண்ணிறப் புழுக்கள் கிடப்பதைப் பில்ஹார்ஸ் கண்டார். அவற்றின் அமைப்பு அவரை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வகைத் தட்டைப் புழுக்கள் ஆணும் பெண்ணும் ஓருடலாய் இருப்பனவென்றே அக்காலத்தோர் அறிந்திருந்தனர். இங்கோ ஆண் வேறு, பெண் வேறு. ஆணின் உடல் இருபுறமும் மடிந்து ஒரு நீண்ட குழிவாக, அதனுள் நூலிழை போன்ற பெண் அடங்கிக் கிடந்தது. கண்டதையெல்லாம் சீபோல்டுக்குக் கடிதங்களாக எழுதியனுப்பினார். பின்னர் இப்புழுவின் முட்டைகளை நோயாளரின் சிறுநீர்ப்பைச் சுவரிலே கண்டு, நோய்க்கும் புழுவுக்குமுள்ள தொடர்பை வெளிப்படுத்தினார். இந்நோயின் பழமையோ பெரிது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மம்மி உடல்களின் சிறுநீரகங்களிலே இதே முட்டைகள் இருந்தமையை ரபர் என்பார் 1910 இல் எடுத்துக் காட்டினார்.

கிரீசிங்கரும் பில்ஹார்ஸும் ஆராய்ந்த மற்றொன்று கொளுக்கிப்புழு. எகிப்தியரை வாட்டிய சோகைக்கு அதுவே காரணமெனக் கிரீசிங்கர் 1854 இல் உரைத்தார். வெறுங்காலுடன் மலையேறிய நம் தோட்டத் தொழிலாளரின் குருதியை உறிஞ்சியதும் கொளுக்கிப்புழுவே. அதை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களில் 1916 ஆம் ஆண்டு ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது.

பில்ஹார்ஸ் கெய்ரோவில் உடற்கூற்றுப் பேராசிரியராக உயர்ந்தார். நைல் நதி மின்மீனின் மின்னுறுப்புப் பற்றி 1857 இல் நூலொன்றும் வெளியிட்டார். ஆயினும் ஒரு வினா அவருக்கு விடுபடாமலே நின்றது. புழு மனிதவுடலிற் புகும் வழி யாது? விடை காணுமுன்னரே, 1862 இல் கோபர்க் கோமகனின் பரிவாரத்தோடு செங்கடற்கரையிலுள்ள மசாவாவுக்குச் சென்றவர் கடுங்காய்ச்சலுற்றார். அவ்வாண்டு மே மாதம் 9 ஆம் நாள் கெய்ரோவில் உயிர்நீத்தார்.

மீதி வழியைப் பிறர் கண்டனர். 1913 இல் ஜப்பானியரான மியாயிரியும் சுசுக்கியும், தம் நாட்டிலுள்ள இவ்வினப் புழு நத்தையொன்றினுள் வளர்வதைக் கண்டனர். 1915 இல் இலெய்ப்பர் என்னும் பிரித்தானிய ஆய்வாளர், எகிப்திலே புழுவினம் இரண்டு என்பதையும், ஒவ்வொன்றும் தனக்குரிய நத்தையையே நாடும் என்பதையும் நிறுவினார். நத்தையைவிட்டு வெளிப்படும் குடம்பிகள் நீரில் நிற்போரின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன.

ஒவ்வொரு புழுவும் தன் நத்தையையே நாடுவதேன்? இதற்கு விடை கூறியது பிறப்புரிமையியல். நோய் பற்றும் நத்தைக் குலத்தையும் பற்றாத குலத்தையும் கலப்புச் செய்த நியூட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், அவ்வியல்பு பெற்றோர்வழி வருவதென 1953 இல் எடுத்துரைத்தார். பில்ஹார்ஸ் வியந்த ஆண் பெண் வேறுபாடும் நிறமூர்த்தங்களால் அமைவதே. பறவைகளிற்போல, இங்கும் பெண்ணிடமே இருவேறு பால் நிறமூர்த்தங்கள் உள. நத்தையுட் புகும் ஒரு குடம்பி பல்லாயிரமாய்ப் பெருகும்போது, அவையாவும் ஒரே பாலினவாகவே இருக்கும். புழுவின் பரம்பரையலகுத் தொகுதி 2009 இலும், அமெரிக்க நத்தையினுடையது 2017 இலும் படித்து வெளியிடப்பட்டன.

நம் நாட்டில் இந்நோய் வேரூன்றவில்லை. அதற்குரிய நத்தை இங்கு இல்லாமை ஒரு காரணமென்பர். நம் வயல் நத்தையொன்று மாடுகளைப் பற்றும் இவ்வினப் புழுக்களை வளர்க்கின்றது. அவற்றின் குடம்பிகள் உழவரின் காலிற் புகுந்து அரிப்பை விளைத்து, அங்கேயே மடிகின்றன. எனினும் நாம் இறுமாந்திருத்தல் தகாது. 2013 இல் கோர்சிக்காத் தீவின் ஆற்றில் நீராடியோரைப் பற்றிய புழு, மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்த கலப்பினமென ஆய்விற் புலனாயிற்று. இயற்கையின் வேலி என்றும் அசையாததன்று.

பில்ஹார்ஸின் பெயர் அந்நோய்க்கே பெயராயிற்று. எகிப்தின் கீசா நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. அவர் விட்ட வினாவுக்கு விடை வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஆனால் அவர் கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்திராவிடின், பின்வந்தோர் தொடங்குதற்கு ஓர் இடமே இருந்திராது. நம் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியைக் குனிந்து நோக்கும் மாணவர், முடிவு தம் காலத்தில் வாராதாயினும், கண்டதைப் பிழையற எழுதிவைப்பாராக.