கோடு கிழித்த வழக்கறிஞர்

சண்டிகருக்குச் சட்டம் படிக்க வந்த புதிதில், நம் பல்கலைக்கழகம் பிறந்த கதையை நான் அறியேன். 1882-இல் லாகூரில் தோன்றியது பஞ்சாப் பல்கலைக்கழகம். நாடு பிளவுபட்டதும், 1947 அக்டோபரில் இந்தியப் பகுதிக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. அதுவே நம்முடையது. இந்தப் பிரிவினைக் கோட்டை வரைந்தவர் யார் என்று தேடப் போய்த்தான் சர் சிரில் ராட்கிளிஃபின் வாழ்க்கையில் புகுந்தேன். வெறுப்போடு புகுந்தேன் என்பதை மறைப்பானேன்?

அவர் 1899-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, 1924-இல் வழக்கறிஞரானார். போர்க்காலத்தில் பிரிட்டனின் செய்தித்துறைத் தலைமை இயக்குநராகவும் இருந்தார். கூரிய அறிவும் குறையற்ற நேர்மையும் உடையவர் என்று பெயர். இந்தியாவையோ அவர் அதற்கு முன் கண்டதே இல்லை. ஒரு பக்கமும் சாராதவர் என்பதற்கு அந்த அறியாமையே சான்றாகக் கொள்ளப்பட்டது! வழக்கின் நிலத்தைக் காணாதவரே அதற்கு நல்ல நடுவர் என்பது எந்தச் சட்ட நூலில் உள்ளதோ, எனக்குப் புரியவில்லை.

1947 ஜூலை 8-இல் டெல்லி வந்து இறங்கினார். கையில் இருந்த காலம் ஐந்தே வாரம். பஞ்சாபுக்கும் வங்கத்துக்கும் தனித்தனிக் குழு. ஒவ்வொன்றிலும் காங்கிரஸ் தரப்பில் இரு நீதிபதிகள், லீக் தரப்பில் இருவர். நால்வரும் இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்க, முடிவு தலைவர் ஒருவர் தோளிலேயே விழுந்தது. விசாரணைகளிலும் அவர் அமரவில்லை. குறிப்புகள் டெல்லிக்கு வந்தன. பழைய மக்கள்தொகைக் கணக்கையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, கோடையின் புழுக்கத்தில், ஏறத்தாழ 8 கோடி 80 லட்சம் மக்களின் நிலத்தைப் பங்கிட்டார்.

கடனும் சொத்தும் பங்கிடும் வேலை வேறு அதிகாரிகளுடையது. அவர்களில் முதல்வர்கள் எச். எம். படேலும் சௌத்ரி முகம்மது அலியும். நூற்றுக்குப் பதினேழரைப் பங்கு பாகிஸ்தானுக்கு என்று முடிவாயிற்று. ரொக்கத்தில் 75 கோடி ரூபாய் அதன் பங்கு. 20 கோடி முதலில் போயிற்று. மீதி 55 கோடியைக் காஷ்மீரப் போரை முன்னிட்டு இந்தியா நிறுத்திவைத்து, காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த 1948 ஜனவரியில் விடுவித்தது. பழைய பொதுக் கடன் முழுவதையும் இந்தியா ஏற்க, பாகிஸ்தான் தன் பங்கை 50 ஆண்டுத் தவணையில் தரவேண்டும் என்று ஏற்பாடு. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. நம் வரவுசெலவு ஏடுகளில் 300 கோடி ரூபாய் வரவேண்டிய கடனாக நின்றது. பணத்தையாவது எழுதிவைக்கலாம்.

நிலத்துக்கு வருவோம். தீர்ப்பு சுதந்திர நாளுக்கு முன்பே ஆயத்தமாயிற்று. வெளியானதோ ஆகஸ்ட் 17-இல். அதற்குள் குல்னாவில் இந்தியக் கொடியும் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் பறந்துவிட்டன! பிறகு இரண்டும் இடம் மாறின. குருதாஸ்பூர் மாவட்டத்தின் நான்கு வட்டங்களில் மூன்று இந்தியாவுக்கு. ராவிக்கு அப்பாலிருந்த ஷக்கர்கர் மட்டும் பாகிஸ்தானுக்கு.

நான் குடியிருக்கும் வீட்டுப் பாட்டியம்மாள் அந்த ஷக்கர்கரில் பிறந்தவர். பீஜி என்று அழைப்போம். அப்போது அவருக்கு எட்டு வயது. தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது மூன்று நாட்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லையாம். பிறகு ராவியைக் கடந்து வந்தார்கள். ஒரு சிற்றப்பா வந்து சேரவில்லை.

வேலை முடிந்ததும் ராட்கிளிஃப் புறப்பட்டுவிட்டார். குறிப்புகளை எரித்தார், ஊதியமும் பெற்றுக்கொள்ளவில்லை என்பர். லாகூரை ஏன் அங்கே கொடுத்தார்? பாகிஸ்தானுக்கு ஒரு பெருநகரம் வேண்டுமே என்று எண்ணியதாகப் பின்னாளில் குல்தீப் நய்யாரிடம் சொல்லியிருக்கிறார். 1949-இல் பிரபுக்கள் அவையின் நீதிபதியானார், 1977-இல் மறைந்தார்.

என் வெறுப்பு முழுதும் போய்விடவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு இப்போது ஐந்து வாரக் கெடு விதித்தவர்கள் மேல் திரும்பிவிட்டது. அவர் ஊதியம் பெறாததைப் பீஜியிடம் சொன்னேன். அது அவர் மனத்தைத் தொடவில்லை. அந்த மனிதர் திரும்ப ஒருமுறையாவது வந்து பார்த்தாரா என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன். பீஜி மீண்டும் ரொட்டிக்கு மாவு பிசையத் தொடங்கினார்.