ஏற்காடு அடிவாரத்தில் ஒரு வளைவு: மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரைக்கும் உள்ள பங்களாக்களில் சினிமா படப்பிடிப்பு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் வேனும் ஜெனரேட்டரும் வந்து நிற்கும். வேலை முடிந்ததும் கிளம்பிவிடும். வீட்டுக்கு நாள் வாடகை, நடிகருக்குப் படத்துக்கு இவ்வளவு, தொழிலாளிக்குப் பேட்டா. கணக்கு அன்றன்றைக்கு முடிந்துவிடும். ஆனால் ஒரு காலத்தில் ஒரே மதில் சுவருக்குள் எல்லா வேலையையும் வைத்துக்கொண்டு, மாதச் சம்பளம் கொடுத்துப் படம் எடுத்தார் ஒருவர். அவர்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம்.

1907-ல் திருச்செங்கோட்டில், நூல் வியாபாரம் செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்து ஊர் திரும்பினார். ஜவுளித் தொழிலுக்குத்தான் போவார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவரோ சேலம் ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராகச் சேர்ந்தார்.

அந்த நாளில் தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமானால் நடிகர்களை ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ கூட்டிப் போக வேண்டும். போக்குவரத்து, சாப்பாடு, தங்கும் செலவு, ஸ்டுடியோ வாடகை எல்லாம் சேர்ந்துவிடும். இதற்குப் பதில் நம் ஊரிலேயே ஸ்டுடியோ கட்டினால் என்ன என்று யோசித்தார். 1930-களின் நடுவில் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட் எழும்பியது. பெயரில் தியேட்டர் இருந்தாலும் அது படம் காட்டும் கொட்டகை அல்ல. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக்கூடம், பிலிம் கழுவும் லேப் எல்லாம் உள்ளேயே இருந்தன.

முதல் படம் 1937-ல் வந்த சதி அகல்யா. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் இங்கிருந்து வெளிவந்தது. 1940-ல் உத்தம புத்திரனில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். 1942-ல் மனோன்மணி, 1950-ல் திகம்பர சாமியார் என்று படங்கள் வரிசையாக வந்தன. அதே 1950-ல் மந்திரி குமாரி. வசனம் மு. கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர்., இயக்கத்தில் சுந்தரத்தோடு அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். பிற்காலத்து முதலமைச்சர்கள் இருவர் அந்த ஒரே படத்தில்! 1956-ல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும் தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். மலையாளத்தின் முதல் கலர் படமான கண்டம் பெச்ச கோட்டு 1961-ல் வந்தது. அதையும் சுந்தரமே இயக்கினார்.

எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் அழைத்தார்கள். நேரம் என்றால் நேரம். அலிபாபாவின் கடைசி நாட்களில் எம்.ஜி.ஆர். வர முடியாமல் போனபோது, அவர் போன்ற ஒருவரை வைத்தே மிச்சக் காட்சிகளை எடுத்து முடித்தார் என்று திரையுலகில் இன்றும் சொல்வார்கள்.

இந்தக் கண்டிப்பை வெறும் குணமாகப் பார்க்கக் கூடாது. வணிகவியல் படித்தவன் கண்ணுக்கு அதில் ஒரு கணக்கு தெரிகிறது. மாதச் சம்பளம் என்பது நிலையான செலவு. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதல் தேதி வந்துவிடும். ஆண்டுக்குப் பல படங்கள் எடுத்தால் அந்தச் செலவு பல படங்களின் தலையில் பிரிந்து விழும். ஒரு நாள் வேலை நின்றாலும் நஷ்டம். அதனால்தான் அவருக்குக் கடிகாரம் அவ்வளவு முக்கியமாக இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்ததற்கு இதுவே காரணம்.

1963 ஆகஸ்ட் 30 அன்று சுந்தரம் காலமானார். வயது 56. மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, வல்லவனுக்கு வல்லவன், இரு வல்லவர்கள், ஜெய்சங்கர் நடித்த சி.ஐ.டி. சங்கர் போன்ற துப்பறியும், சண்டைப் படங்களை எடுத்தார். அவை நன்றாகவே ஓடின.

ஆனால் தொழில் மாறிக்கொண்டிருந்தது. பெரிய நடிகர்கள் மாதச் சம்பளத்துக்குக் கட்டுப்படாமல் படத்துக்குப் படம் பேசினார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களுக்குத் தேதி கொடுத்தவர்களுக்குச் சென்னைதான் வசதி, சேலம் தூரம். பிறகு கேமரா கிராமத்துக்கும் கடற்கரைக்கும் போனது. மதிலுக்குள் போட்ட செட்டுக்கு வேலை குறைந்தது, நிலையான செலவு மட்டும் குறையவில்லை. எந்த ஏற்பாடு ஸ்டுடியோவைத் தூக்கி நிறுத்தியதோ, அதே ஏற்பாடு பாரமாகிவிட்டது. மகனுக்குத் திறமை போதவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சுந்தரமே இருந்திருந்தாலும் அந்தக் கணக்கு நேராகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

படங்கள் குறைந்து, கடைசியில் ஸ்டுடியோ மூடப்பட்டது. அந்த இடம் இன்று குடியிருப்புப் பகுதி. செட் போட்ட மண்ணில் நம்மைப் போன்றவர்கள் துணி உலர்த்துகிறார்கள், குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மிஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு மட்டுமே.

கோடை விடுமுறைக்குச் செங்கல்பட்டிலிருந்து ஏற்காடு போகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் உளுந்தூர்பேட்டை போய், அங்கே பிரிந்து சேலம் சேர்வீர்கள். மலை ஏறுவதற்கு முன் ஏற்காடு சாலையில் அந்த வளைவு வரும். ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: ஒரு காலத்தில் இந்த வாசல் வழியாகத்தான் பலர் தினமும் வேலைக்குப் போனார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கினார்கள், சினிமா எடுத்தார்கள்.