பெயர் வராத முதற்படம்

ஐடா லூபினோவை நடிகையாக அறிந்தோரே அதிகம். எனக்கோ அவர் நெறியாளராகவே முக்கியமானவர்.

1918இல் லண்டனில், பரம்பரையாக மேடையை நம்பி வாழ்ந்த குடும்பத்திற் பிறந்தார். பதினைந்து வயதளவில் ஹொலிவூட் சென்றார். 1934இல் போலியோ நோய் தாக்கியது, அதிலிருந்தும் மீண்டார்.

1940களில் அவர் வோர்னர் பிரதர்ஸின் ஒப்பந்த நடிகை. தரும் வேடத்தை மறுத்தால் சம்பளமின்றி இடைநிறுத்துவது அக்கால வழக்கம். ஐடா பலமுறை மறுத்தார், பலமுறை இடைநிறுத்தப்பட்டார். அந்த நாட்களில் படப்பிடிப்புத் தளத்திலும் படத்தொகுப்பு அறையிலும் நின்று, கமராவை எங்கே வைக்கிறார்கள், காட்சியை எங்கே வெட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றார். சம்பளமில்லாத படிப்பு!

பின்னர் கணவர் கொலியர் யங்குடன் சேர்ந்து சொந்தமாகப் படமெடுக்கத் தொடங்கினார். 1949இல் 'நொட் வோன்டட்' படப்பிடிப்புத் தொடங்கிய சில நாட்களிலேயே நெறியாளர் எல்மர் கிளிஃப்டனுக்கு மாரடைப்பு. படத்தை ஐடாவே எடுத்து முடித்தார். திரையில் நெறியாளராக வந்ததோ கிளிஃப்டனின் பெயர்தான். அடுத்த படத்தில், போலியோவால் நடக்க முடியாமற்போன ஒரு நடனப் பெண்ணின் கதையைச் சொன்னார். அந்த வலி அவருக்குப் புதிதல்லவே. 1953இல் வந்த 'த ஹிட்ச் ஹைக்கர்', கொலைகாரனிடம் சிக்கிய இரு நண்பர்களின் கதை. சிறு செலவில் எடுத்த அப்படத்தை 1998இல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

சொந்த நிறுவனம் நிலைக்கவில்லை. தொலைக்காட்சிக்குச் சென்றார். அதை இறக்கமென்று நான் கருதவில்லை. 'த டுவைலைட் ஸோன்' தொடரின் 156 அத்தியாயங்களில் ஒரு பெண் நெறிப்படுத்தியது ஒன்றேயொன்று. 1964இல் ஐடா செய்த 'த மாஸ்க்ஸ்'. சாகக் கிடக்கும் செல்வந்தர், சொத்துக்குக் காத்திருக்கும் உறவினரை நள்ளிரவு வரை அவலட்சணமான முகமூடிகளை அணிந்திருக்கச் செய்கிறார். கழற்றும்போது அவர்களது முகங்களே அவ்வாறு மாறியிருக்கின்றன. அரை மணி நேரத்துக்குள் இத்தனை அச்சத்தை ஊட்டுவது லேசான வேலையா?

அவரது நெறியாளர் கதிரையின் முதுகில், எல்லோருக்கும் தாய் என்ற பொருள்படும் வாசகம் இருந்தது. பெண்ணின் கட்டளையை ஏற்கத் தயங்கிய ஆண்களிடம் வேலை வாங்க அவர் கண்ட வழி அது. கெட்டித்தனமான வழிதான். ஆயினும் ஆண் நெறியாளர் எவரும் தந்தையாக வேடமிட வேண்டியிருக்கவில்லையே என்று எனக்குச் சற்றுக் கோபமும் வருகிறது.

1966இல் கன்னியர் மடப் பாடசாலையொன்றில் இரு குறும்புக்கார மாணவிகள் செய்யும் அட்டகாசத்தை 'த டிரபிள் வித் ஏஞ்சல்ஸ்' என்ற படமாக்கினார். படம் வெற்றி பெற்றது. இரண்டு ஆண்டுகளில் அதன் தொடர்ச்சியும் வந்தது. ஆனால் அதை நெறிப்படுத்தியவர் வேறொருவர். 1995இல் மறையும்வரை ஐடா இன்னொரு திரைப்படத்தை நெறிப்படுத்தவில்லை.