புள்ளியியல் அறிஞர் மகலனோபிசு

வங்க நாடு ஈன்ற அறிஞர் பெருமக்களுள் பிரசாந்த சந்திர மகலனோபிசு ஒருவர். இவர் 1893-ஆம் ஆண்டு சூன் திங்கள் 29-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். அங்குள்ள பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1913-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆங்கே நம் கணித மேதை இராமானுசனின் நட்பையும் பெற்றார்.

அவர் தாயகம் திரும்பும் வேளையில், ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அவருக்குக் காட்டினார். மகலனோபிசு அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே கற்கத் தொடங்கினார். தாம் பயின்ற கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக அமர்ந்தபின்னரும், அவர் உள்ளம் புள்ளியியலிலேயே தோய்ந்தது.

அக்கல்வியின் பயனை நாடு விரைவில் உணர்ந்தது. 1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைத்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டது. ஆதலின் கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் கருதினர். மகலனோபிசோ ஏறத்தாழ அறுபது ஆண்டுக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். அடித்தளம் உயரவில்லை என்பதும், மேற்பகுதியிற் பெய்த பெருமழையே வெள்ளத்திற்குக் காரணம் என்பதும் அவர் கண்ட உண்மைகள். மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே தக்க வழி என்று அவர் அறிவுறுத்தினார். மகாநதியில் 1957-இல் திறக்கப்பெற்ற ஹிராகுட் அணைக்கு அவர்தம் கணக்கீடுகளும் அடிப்படையாயின. பலர் கருதுவது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது என்பதை அவர் எண்களைக் கொண்டே நிறுவினார்.

1931-இல் கல்லூரியின் ஓர் அறையில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தார். 1933-இல் சங்கியா என்னும் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். சி. ஆர். ராவ் முதலிய பேரறிஞர்கள் அக்கழகத்திற் பயின்று உலகப் புகழ் எய்தினர்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆயினும் எந்தச் சோற்றை எடுப்பது, எத்தனை எடுப்பது, அதனால் நேரும் பிழை எவ்வளவு என்று ஆராய்வதே கூறெடுப்புக் கலை. வங்கத்துச் சணல் விளைச்சலை அளப்பதற்கு மகலனோபிசு அக்கலையைப் பயன்படுத்தினார். தம் கணக்கிலும் பிழை நேரலாம் என்று எண்ணி, ஒரே பணியை இரு குழுவினரிடம் தனித்தனியே ஒப்படைத்து, முடிவுகளை ஒப்பிட்டார். 1950-இல் தொடங்கிய தேசியக் கூறெடுப்பு ஆய்வும் அவர் முயற்சியால் எழுந்ததே. 1955-56-இல் இங்கிலாந்திலிருந்து வந்த கணிப்பொறி ஒன்று அவர் கழகத்தில் நிறுவப்பெற்றது. இந்தியா பெற்ற முதல் மின்னணுக் கணிப்பொறி அதுவே.

அவர் 1972-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த நாளை 2007 முதல் இந்திய அரசு புள்ளியியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.

இந்நாளில் எந்திரங்கள் தரவுகளைக் கொண்டு தாமே கற்கும் கலை ஓங்கி வளர்கிறது. பல அளவுகளை ஒருங்கே நோக்கி, அவற்றிடையே உள்ள தொடர்பையும் கருதித் தொலைவு காணும் முறையை அவர் 1936-இல் வகுத்தார். மகலனோபிசுத் தொலைவு என்னும் அம்முறை, திரளான தரவுகளுள் மாறுபட்டவற்றைப் பிரித்தறிய இன்றும் உதவுகிறது. அவர் நிறுவிய கழகம் சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் கிளைகொண்டு இக்கல்வியை வளர்த்து வருகிறது.

எந்திரம் எத்துணை விரைவாகக் கணக்கிடினும், அதற்கு அளிக்கும் தரவு பழுதுடையதாயின் முடிவும் பழுதாகும். திரட்டிய எண்களை ஐயுற்று ஆராய்ந்து, பிழையையும் அளந்து கூறும் நேர்மையே அறிவியலின் உயிர். அந்நேர்மைக்கு மகலனோபிசின் வாழ்வு தக்க சான்றாக விளங்குகிறது.