லைலா ஷோ நில்சென்

லைலா ஷோ நில்சென் (மார்ச் 18, 1919 - ஜூலை 30, 1998) நோர்வே நாட்டைச் சேர்ந்த விரைவுச் சறுக்கல் வீராங்கனை ஆவார். காலணியின் அடியில் இரும்பு அலகு பொருத்தி, உறைபனித் தடத்தில் குறித்த தொலைவை விரைந்து கடக்கும் இவ்விளையாட்டில் 1937, 1938 ஆம் ஆண்டுகளில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். 1935 இல் ஒஸ்லோவில் நடைபெற்ற அதிகாரபூர்வமற்ற உலகப் போட்டியிலும் இவரே முதலிடம் பெற்றார்.

1936 இல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டென்கிர்ஹென் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றபோது இவருக்கு வயது 16. ஆண்களுக்கான விரைவுச் சறுக்கல் 1924 முதலே ஒலிம்பிக்கில் இருந்தது. பெண்களுக்கு அப்பிரிவு இல்லை. எனவே இவர் தமது முதன்மை விளையாட்டை விட்டு, மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் போட்டியிட்டார். நேராகக் கீழிறங்கும் முதற்கட்டத்தில் அனைவரையும் முந்தினார். கொடிக்கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் அடுத்த கட்டத்தில் பின்தங்கவே, மொத்தக் கணக்கில் வெண்கலப் பதக்கமே கிடைத்தது. முதற்கட்டத்தில் ஆறாவதாக வந்த ஜெர்மனியின் கிறிஸ்டல் கிரான்ஸ் தங்கம் வென்றார். பழக்கமில்லாத விளையாட்டில் பெற்ற பதக்கம் என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

மறு ஆண்டு சுவிட்சர்லாந்தின் டாவோஸில் 500 மீட்டர் தொலைவை 46.4 வினாடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார். இச்சாதனை 1955 வரை முறியடிக்கப்படவில்லை.

1948 இல் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கிலும் இவர் பனிச்சறுக்கிலேயே பங்கேற்றார். பெண்களுக்கான விரைவுச் சறுக்கல் 1960 இல்தான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அப்போது இவருக்கு வயது 40.

டென்னிஸிலும் நோர்வேயின் தேசியப் பட்டங்களை வென்றுள்ளார். கைப்பந்தாட்டத்திலும் நாட்டுக்காக ஆடியுள்ளார்.