வாக்குறுதியைப் பற்றிக்கொண்ட தாய்
புனித மோனிக்கம்மாள்

ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாறு எழுத வேண்டும் என்று விழாக்குழுவினர் கேட்டபோது, நம் பங்கின் தாய்மார்களே முதலில் நம் நினைவுக்கு வந்தனர். பூசைக் கருத்துக்கள் எழுதும் நோட்டைப் புரட்டினால், மகன் கோவிலுக்குத் திரும்ப வேண்டும், மகன் குடியை விட வேண்டும் என்ற கருத்துக்களே பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றுள் சில ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து வருபவை. ஆகவே புனித மோனிக்கம்மாளைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

இன்றைய அல்ஜீரியா நாட்டில் தகாஸ்தே என்னும் சிற்றூரில், ஏறக்குறைய 332ஆம் ஆண்டில், கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர் இவர். சிறுமியாயிருக்கையில் பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவரப் போய், திருட்டுத்தனமாக ஒரு வாய் சுவைத்து, நாளடைவில் கிண்ணம் கிண்ணமாய்க் குடிக்கும் அளவுக்குப் போய்விட்டார். சண்டையில் ஒரு வேலைக்காரப் பெண் குடிகாரி என்று ஏசவே, நாணமடைந்து அப்பழக்கத்தை விட்டொழித்தார். கணவர் பத்ரீசியுஸ் நகரசபை உறுப்பினர், கிறிஸ்தவரல்லர், முன்கோபி, ஒழுக்கம் தவறியவர். அவரது கோபம் தணியும்வரை மோனிக்கம்மாள் வாய் திறக்கமாட்டார். அந்த மனிதரும் தம் இறுதிக் காலத்தில் கிறிஸ்தவரானார்.

ஆனால் மோனிக்கம்மாளின் பெரிய சிலுவை மகன் அகுஸ்தீன். 354இல் பிறந்த இந்த அறிவாளிப் பிள்ளை, கார்த்தேஜ் நகருக்குப் படிக்கப் போய், மணமுடிக்காமலே ஒரு பெண்ணோடு வாழ்ந்து ஓர் ஆண்மகவுக்குத் தந்தையானார். பத்தொன்பது வயதில், ஒளிக்கு ஒரு கடவுள், இருளுக்கு எதிரான ஒரு சக்தி என்று போதித்த மனிக்கேயத் தப்பறையில் சேர்ந்தார். தாய் மகனைத் தம் பந்தியில் அமரவும் விடவில்லை.

அப்போதுதான் அந்தக் கனவு வந்தது. ஒரு மர அளவுகோலின்மேல் தாம் நின்று அழுவதாகக் கண்டார். ஒளி வீசும் வாலிபர் ஒருவர் வந்து, கலங்க வேண்டாம், நீ நிற்குமிடத்திலேயே மகனும் நிற்பான் என்ற பொருளில் தேற்றினார். திரும்பிப் பார்த்தால் மகன் பக்கத்தில் அதே கோலின்மேல் நிற்கிறார். கனவைக் கேட்ட அகுஸ்தீன், அப்படியானால் நீங்கள்தான் என் பக்கம் வரப்போகிறீர்கள் என்று திருப்பிப் பார்த்தார். தாயோ நொடியும் தயங்காமல், அப்படிச் சொல்லப்படவில்லை என்று மறுத்துவிட்டார். மகனை மீண்டும் பந்தியில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாளே மகன் மனந்திரும்பியிருந்தால், நமக்கு இந்த வரலாற்றால் அதிகப் பயனிராது. கனவுக்குப் பின்னும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர் அதே தப்பறையில் கிடந்தார். மகனோடு வாதாடும்படி தாய் ஓர் ஆயரைக் கெஞ்சினார். அந்த ஆயர் மறுத்து, ஜெபித்தால் போதும், தானே உணர்வான் என்றார். தாய் விடாமல் அழவே, சற்றுச் சலிப்போடு, இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை அழிந்துபோக மாட்டான் என்று சொல்லி அனுப்பினார். அதையும் வானத்திலிருந்து வந்த வார்த்தையாகவே அந்தத் தாய் ஏற்றுக்கொண்டார்.

383இல் அகுஸ்தீன் உரோமைக்குப் புறப்பட்டார். போகவிடாதபடி தாய் துறைமுகம்வரை தொடர்ந்தார். நண்பரை வழியனுப்பிவிட்டு வருவதாகப் பொய் சொல்லி, தாய் புனித சிப்ரியான் ஆலயத்தில் விழித்து ஜெபித்த இரவில் மகன் கப்பலேறிவிட்டார். விடிந்து பார்த்தால் கடற்கரை வெறுமையாயிருந்தது. அந்த இரவின் மன்றாட்டு கேட்கப்படவில்லை. ஆனால் அந்தக் கப்பல்தான் அகுஸ்தீனாரை இத்தாலிக்கும், மிலான் ஆயர் புனித அம்புரோசியாரிடத்துக்கும் கொண்டு சேர்த்த வழி. பின்னாளில் அகுஸ்தீனாரே இதை நினைத்து நினைத்து எழுதியிருக்கிறார்.

தாயும் கடல் கடந்து பின்தொடர்ந்தார். புயலில் கலங்கிய மாலுமிகளுக்கு இவரே தைரியம் சொன்னார். மிலானில், தாம் இப்போது மனிக்கேயன் அல்ல என்று மகன் தெரிவித்தபோது தாய் துள்ளிக் குதிக்கவில்லை. சாகுமுன் உன்னைக் கத்தோலிக்கனாகக் காண்பேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, ஜெபத்தை இரட்டிப்பாக்கினார். தம் நாட்டு வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைக்கு அப்பமும் இரசமும் கொண்டுபோனவரை, ஆயரின் தடையைச் சொல்லி வாயிற்காவலன் நிறுத்தியபோது, முணுமுணுக்காமல் திரும்பினார். நம் ஊரில் இப்படியொரு தடை போட்டால் என்னவாகும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறோம்.

ஒன்றை மட்டும் நாம் புகழ்ந்து எழுத முடியவில்லை. மகனுக்குத் தகுந்த இடத்தில் பெண் பார்த்ததில் தாய்க்குப் பெரும்பங்கு உண்டு. அதனால் பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த பெண் பிள்ளையையும் விட்டுத் தனியே ஆப்பிரிக்கா திரும்பினாள். இத்திருமணத்தைப் பற்றியும் இறைவன் காட்சி தரவேண்டுமென்று மோனிக்கம்மாள் கேட்டார், கிடைக்கவில்லை. மனத்தில் தோன்றியவை தம் ஆசையின் நிழல்களே என்று அவரே கண்டுகொண்டார். கடவுளின் வாக்குறுதி வேறு, நம் விருப்பம் வேறு என்பதைப் பிரித்தறிய அவருக்குத் தெரிந்திருந்தது. அத்திருமணம் நடக்கவுமில்லை.

386ஆம் ஆண்டு, தோட்டத்தில் மனம் உடைந்து அழுது எழுந்த அகுஸ்தீனார், நேரே உள்ளே போய்த் தாயிடம் செய்தியைச் சொன்னார். 387 பாஸ்கா இரவில் தம் மகன் அதேயோதாத்துஸுடன் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார்.

ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில், தாயும் மகனும் தோட்டத்தைப் பார்த்த ஒரு சன்னலருகே நின்று விண்ணக வாழ்வைப் பற்றி நெடுநேரம் பேசினர். சில நாட்களில் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. கணவரருகே அடக்கமாக வேண்டுமென்று முன்பு விரும்பியவர், எங்கு வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒன்பதாம் நாள், ஐம்பத்தாறாம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

அவரது திருப்பண்டங்கள் 1430இல் உரோமைக்குக் கொண்டுபோகப்பட்டன. ஓஸ்தியாவில் 1945ஆம் ஆண்டு, விளையாட்டுக்குக் கம்பம் நடக் கோவிலருகே குழி தோண்டிய இரு சிறுவர் கையில் ஒரு சலவைக்கல் துண்டு அகப்பட்டது. அது மோனிக்கம்மாளின் பழைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு பகுதி.